பை தைக்கத் துணி வாங்கப் போனோம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் மேடையில் பேசி பழக்கம் இல்லாதவள். பத்தாவது வரைக்கும் படிச்சேன். குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான். "போன மே மாசம் நீங்க பசங்களை இட்டுக்கினு டவுனுக்குத் துணி வாங்கப் போனீங்களே, அதையே சொல்லுங்க, மத்த குழுவுக்கும் உபயோகமா இருக்கும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால அன்னிக்கு நடந்ததை நடந்தபடி சொல்றேன். தப்பா இருந்தா பொறுத்துக்குங்க.

எங்கள் குழுவில் 12 பேர். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, துணிப்பை தைக்கலாம் என்று முடிவு பண்ணோம். சுழல் நிதி வாங்கி இரண்டு தையல் மிஷின் போட்டோம். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, கோயில் திருவிழாவுக்கு மஞ்சப்பை, மளிகைக் கடைக்குப் பை என்று ஆர்டர் வந்தது. ஆனால் வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. காரணம் துணி. பக்கத்து டவுனில் மீட்டர் 58 ரூபாய்க்கு வாங்கிக் கொண்டிருந்தோம். கடைக்காரர் எங்கே வாங்குகிறார் என்று விசாரித்தால், எல்லாம் மெட்ராஸ் கோடவுன் தெருவில்தான் என்றார்கள். நாமே போனால் என்ன என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. 12,000 ரூபாய் எடுத்துத் தீர்மானமும் போட்டாச்சு. யார் போவது என்றதும் எல்லோரும் தலையைக் குனிந்து கொண்டார்கள். நானும்தான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராஸ் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. நம்ம சிப்காட்டுக்கு வேலைக்கு எங்கெங்கிருந்தோ, வடநாட்டில் இருந்தெல்லாம் ரெண்டு நாள் ரயில் ஏறி வர்றாங்க. நாம ஒன்றரை மணி நேரம் ரயில் ஏறிப் போக பயப்படுறோம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் புருஷன் கூட, கல்யாணத்துக்குப் போனாலும் வேன்ல கூட்டத்தோட. தனியா ஒரு வேலையா டவுனுக்குப் போனது இல்லை. கடைசியில் எங்கள் ஊக்குநர் அக்கா, "நீ வா, நான் வர்றேன்"னு சொன்னாங்க. அவங்க பேத்தி, 11 வயசு, லீவுக்கு வந்திருந்தது. எனக்கு மகள் 14, மகன் 9. என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பிள்ளைகளை விட்டுட்டுப் போக ஆள் இல்லை. சரி, எல்லாரையும் இட்டுக்கினு போவோம்னு முடிவாச்சு. அப்படித்தான் நாங்கள் பிள்ளைகளோடு போனோம். ஆசைப்பட்டுப் போனது இல்லை, வேற வழி இல்லாம போனது.

ஆனா எனக்குள்ள இன்னொரு காரணமும் இருந்துச்சு. என் மகள் பத்தாவது போகப் போற பொண்ணு. நல்லாப் படிக்கும். ஆனா ஒரு வருஷமா, "பத்தாவது முடிச்சா போதும்மா, வயசு வந்ததும் நானும் கம்பெனி வேன்ல போறேன், அதுவரைக்கும் டெய்லரிங் கத்துக்கறேன், உனக்கும் கஷ்டம் கொறையும்"னு சொல்ல ஆரம்பிச்சிருந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா சம்பளம் வாங்கி போன் வாங்கினதைப் பார்த்த ஆசை ஒரு பக்கம். என் மேல இருக்கிற பாசம் ஒரு பக்கம். திட்டிப் பார்த்தேன், கேக்கல. நான் படிச்ச படிப்புக்கு நான் என்ன சொல்லி மடக்குறது?

ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ். அங்கிருந்து பீச் ஸ்டேஷன் போகிற யூனிட் வண்டி. கவரைப்பேட்டை தாண்டும்போது ஜன்னலைக் காட்டி, "இங்கதான் ஆயா கீரை மூட்டையைத் தூக்கிக்கினு ரயில் ஏறும்"னு சொன்னேன். என் பிறந்த ஊர் அந்தப் பக்கம், ஆரணியாற்றங்கரை. ஆயான்னா என் நைனாவைப் பெத்த ஆயா. பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் பையன் சத்தமா படிச்சுக்கினே வந்தான். ராயபுரம் வந்ததும் மகள், "அம்மா, இது எங்க பாடத்துல வருது, தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856ல இங்கிருந்துதான் கிளம்புச்சு"ன்னு சொல்லிச்சு. அக்கா பேத்தி உடனே எட்டிப் பார்த்துச்சு. நான் எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாப் போயிருக்கேன். எனக்குத் தெரியாது.

பீச் ஸ்டேஷனில் இறங்கினதும் அக்கா பால்பாயின்ட் பேனாவை எடுத்து மூணு பிள்ளைங்க கையிலயும் எங்க ரெண்டு பேர் போன் நம்பரையும் எழுதினாங்க. "தொலைஞ்சா எங்கயும் ஓடாதீங்க, நின்ன இடத்துலயே நின்னு கடைக்காரம்மா யார் கிட்டயாவது கையைக் காட்டுங்க"ன்னு சொன்னாங்க. இது ரொம்ப முக்கியம், எல்லாரும் செய்யணும்.

வெளியே வந்தால் பர்மா பஜார் வரிசை. கடை பாதிதான் திறந்திருந்தது. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் பிழைக்க 1969ல் ஏற்பட்ட பஜார் அது. அக்கா அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது என் மகன், "நம்ம முகாம்ல இருக்கறவங்க மாதிரியா?"ன்னு கேட்டான். கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவன் கூடப் படிக்கிற பசங்களே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறார்கள்.

பாரிமுனையைத் தாண்டி, ஒரு பக்கம் சிவப்பாக ஹைகோர்ட்டு கட்டடம், இன்னொரு பக்கம் கடை கடையாக, என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நடந்தோம். இதற்குப் பழைய பேர் சைனா பஜார். இந்த இடத்தின் அழகு என்னவென்றால், தெருவுக்குத் தெரு ஒரு சரக்கு. துணிக்குக் கோடவுன் தெரு. பேப்பருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு. பூவுக்குப் பத்ரியன் தெரு. பேன்சி சாமானுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் காசி செட்டித் தெரு, நாராயண முதலி தெரு. நாட்டு மருந்துக்கு ராசப்ப செட்டித் தெரு. மசாலாச் சாமானுக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. தங்கசாலைத் தெருவில் ஒரு காலத்தில் நாணயம் அடித்தார்களாம், அதனால்தான் அந்தப் பேர். நூறு கடை ஒரே சாமானை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று என் மகள் கேட்டாள். வாங்குகிறவன் எல்லாம் அங்கேதான் வருவான், அதனால்தான் என்று அக்கா சொன்னார்கள். நமக்கும் அதில் லாபம். ஒரு கடையில் கேட்டுவிட்டு நாலு அடி நடந்தால் அடுத்த கடையில் கேட்கலாம்.

கோடவுன் தெருவில் நுழைந்ததும் எனக்குக் கால் நடுங்கிச்சு, உண்மையைச் சொல்றேன். குறுகலான தெரு, தலைச்சுமைக்காரங்க "வழி வழி"ன்னு துணிக்கட்டோட ஓடறாங்க. கடையில மெத்தை மேல உட்கார்ந்திருக்கிறவர் நம்மளைப் பார்த்ததும், "ரீடெய்ல் இல்லம்மா"ன்னு சொல்லிடறார். முதல் ரெண்டு கடையில அப்படியே திரும்பி வந்துட்டேன். மூணாவது கடையில அக்கா, "நாங்க மகளிர் குழு, பை தைக்கறோம், தானா எடுத்துக்கறோம்"னு சொன்னாங்க. அதுக்கப்புறம் உட்காருங்கன்னு சொல்லி பிள்ளைங்களுக்குத் தண்ணி கொடுத்தாங்க. "தான்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அங்க நம்மளை வியாபாரியா மதிக்கறாங்க. காடாத் துணி, பன்னா எவ்வளவு, ஒரு தானுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டோம். மூன்று கடை ஏறி இறங்கி, மீட்டர் 40 ரூபாய்க்கு வந்தது.

என்கிட்ட 12,000 ரூபாய். நாற்பதால வகுத்தா 300 மீட்டர். நான் மனசுலயே கணக்குப் போட்டு, "முந்நூறு மீட்டர் போடுங்க"ன்னு சொல்லிட்டேன். கடைக்காரர் பில்லுக்குச் சொல்லும்போது என் மகள் என் முந்தானையை இழுத்து, "அம்மா, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமயான்னு கேளு"ன்னுச்சு. கேட்டா, ஐந்து சதவீதம் தனியாம். அப்போ மீட்டர் 42 ரூபாய் ஆகுது, முந்நூறு மீட்டருக்கு 12,600. கையில 600 ரூபாய் குறையுது. அந்த இடத்துல பில் போட்ட பிறகு தெரிஞ்சிருந்தா எனக்கு எவ்வளவு அவமானம்! என் மகள் கையில இருந்த நோட்டுல கணக்குப் போட்டு, "280 மீட்டர்னா 11,760 வரும், 240 ரூபா மிச்சம், வண்டிக் கூலிக்கு ஆகும்"னுச்சு. கடைக்காரர் சிரிச்சிட்டு, "பாப்பா என்ன படிக்குது?"ன்னு கேட்டார். "பத்தாவது போகுது"ன்னேன். "நல்லாப் படிக்க வைங்கம்மா"ன்னார். என் மகள் தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

இதே 280 மீட்டரை டவுனில் வாங்கினால் 16,240 ரூபாய். எங்கள் போக்குவரத்து, வண்டிக் கூலி எல்லாம் 400 ரூபாய் கழித்தாலும் ஒரே நாளில் குழுவுக்கு 4,080 ரூபாய் மிச்சம். இந்தக் கணக்கு எங்கள் தீர்மான நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

துணியைக் கடையிலேயே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஊரைக் காட்டினோம். ஒவ்வொருத்தருக்கும் 50 ரூபாய் கொடுத்து, "இஷ்டப்படி செலவு பண்ணுங்க, ஆனா வீட்டுக்குப் போய் கணக்குச் சொல்லணும்"னு சொல்லியிருந்தோம். என் பையன் ரப்பர் பந்து கேட்டான். அந்தக் கடையில் டஜனாகத்தான் தருவார்கள், ஒரு டஜன் 72 ரூபாய். அவன்கிட்ட ஐம்பதுதான். அழுகிற மாதிரி நின்னான். அப்புறம் மூணு பேரும் என்னமோ பேசினாங்க. ஐம்பது ஐம்பதா சேர்த்து 150 ரூபாய், ரெண்டு டஜன் 144 ரூபாய்க்கு வாங்கிட்டாங்க. ஊருக்கு வந்து ஆளுக்கு ஒரு பந்து வச்சுக்கிட்டு, மிச்சம் 21 பந்தை பத்து பத்து ரூபாய்க்கு வித்தாங்க. 210 ரூபாய். போட்ட காசு போக 66 ரூபாய் லாபம், ஆளுக்கு 22 ரூபாய், பந்து இலவசம். அதுவும் ஒரு சுய உதவிக் குழுதானே! நமக்கு இதைப் புரிய வைக்க எத்தனை பயிற்சி வச்சாங்க. அதுங்க ஒரு கடை வாசல்ல நின்னு கத்துக்கிச்சுங்க.

பூக்கடையில் சாமந்தி, சம்பங்கி, மல்லி வாசனை. அங்கே ஓர் ஓரமாக நின்று புளிசாதம் சாப்பிட்டோம். ஒரு பூக்கார அம்மா, "பசங்களா, வெயில்ல நிக்காதீங்க"ன்னு குடை நிழல்ல இடம் கொடுத்தாங்க. அப்புறம் நான் அக்காகிட்ட, "கொத்தவால் சாவடி வரைக்கும் போய்ட்டு வந்துடலாமா"ன்னு கேட்டேன்.

கொத்தவால் சாவடி என்றால் நம்மில் நாற்பது வயசைத் தாண்டினவர்களுக்குத் தெரியும். கொத்தவால் என்றால் அந்தக் காலத்தில் நகரக் காவல் அதிகாரி. அவர் சாவடி இருந்த இடம் என்பதால் அந்தப் பேர். மெட்ராஸுக்கே காய்கறி அங்கேதான். பொன்னேரி, செங்குன்றம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காய், கீரை, ஆந்திராச் சரக்கு எல்லாம் விடிவதற்கு முன்னே அந்தச் சந்துக்குள் இறங்கும். எங்கள் ஆயா முளைக்கீரை, தண்டுக்கீரை, புதினா எல்லாவற்றையும் சாயங்காலமே பறித்து, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, முதல் வண்டியில் ஏற்றும். சென்ட்ரலில் இறங்கி, நாலு பேர் சேர்ந்து மீன்பாடி வண்டி பேசி, வால்டாக்ஸ் ரோடு வழியாகப் போவார்கள். எட்டு மணிக்கெல்லாம் விற்றுவிட்டு, பத்து மணி வண்டியில் ஊர் திரும்பிவிடும்.

1995ல், எனக்கு ஏழு வயசு, அடம் பிடிச்சு ஒரு நாள் ஆயா கூடப் போனேன். எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. தரையெல்லாம் சேறு, முட்டைக்கோஸ் இலை, வழுக்கும். தெலுங்கும் தமிழுமா ஒரே சத்தம். மூட்டைக்காரங்க நடுவுல ஆயா முந்தானையை விட்டுட்டேன். தொலைஞ்சு போயி ஒரே அழுகை. கறிவேப்பிலை விக்கிற ஒரு அம்மா என்னைத் தூக்கித் தன் கூடைப் பக்கத்துல உட்கார வச்சு, கையில கேரட் கொடுத்தாங்க. "உங்க ஆயா வரும், இங்கயே இரு கண்ணு"ன்னாங்க. ஆயா வந்து என்னை ரெண்டு அடி அடிச்சு, அப்புறம் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. திரும்பும்போது காராபூந்தி வாங்கிக் கொடுத்துச்சு.

அடுத்த வருஷம், 1996ல், மார்க்கெட்டை கோயம்பேட்டுக்கு மாத்திட்டாங்க. 295 ஏக்கர் இடம், ஆயிரக்கணக்கில் கடைகள். அது வந்தது தப்புன்னு நான் சொல்ல வரல. அந்தச் சந்துக்குள்ள லாரி வரவும் போகவும் முடியாது, ஒரு தீ பிடிச்சா தண்ணி வண்டிகூட நுழைய முடியாது. ஊர் பெருகிப் போச்சு, மாத்தித்தான் ஆகணும். ஆனா எங்க ஆயா மாதிரி தலைச்சுமைக்காரங்களுக்கு? சென்ட்ரல்ல இறங்கி மறுபடி பஸ் ஏறணும். கூட்டத்துல மூட்டையை ஏத்த விட மாட்டாங்க, ஏத்தினா லக்கேஜ் காசு. போய்ச் சேர்றதுக்குள்ள கீரை வாடிடும். மூணு மாசம் போய்ப் பார்த்துச்சு. அப்புறம் விட்டுட்டு, ஸ்டேஷன் வாசல்ல நாலு கட்டு வச்சு வித்துச்சு. நைனாவுக்குக் கூலி வேலை. வீட்ல கையில காசு பார்த்த ஒரே ஆள் ஆயாதான். எங்க நோட்டுப் புத்தகம், யூனிபார்ம் எல்லாம் அந்தக் கீரைக் காசு.

2004ல நான் பத்தாவது பாஸ் பண்ணேன். பதினொன்னுக்கு வேற ஊருக்கு பஸ்ல போகணும், சேர்க்கைக் காசு வேணும். ஆயா, "என் சாவடி இருந்திருந்தா உன்னைச் சேர்த்திருப்பேன் கண்ணு"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லிச்சு. அத்தோட முடிஞ்சுது. மார்க்கெட் மாறினதால மட்டுமே நான் படிக்கலன்னு சொல்ல மாட்டேன். பொண்ணுக்கு எதுக்குன்னு நினைச்ச நினைப்பும் இருந்துச்சு. ஆனா ஒரு பொம்பளை கையில சொந்தமா காசு இருந்தா அந்த நினைப்பை எதிர்த்து நிக்கலாம். காசு போச்சு, எதிர்த்து நிக்க ஆளும் இல்லாம போச்சு.

இப்போ அந்த இடத்துல மளிகைக் கடைகளும் மொத்த வியாபாரமும் நடக்குது. ஆயா உட்கார்ந்த இடத்தை என்னால அடையாளம் காட்ட முடியல. சும்மா ஒரு கடைப்படியைக் காட்டி, "இங்கன நெனைச்சுக்கோ"ன்னு சொன்னேன். இந்தக் கதை முழுசையும் என் மகளுக்கு அங்க நின்னுதான் முதல் தடவையா சொன்னேன். வீட்ல சொல்லத் தோணினது இல்ல. அது ஒண்ணும் பேசல. என் கையிலிருந்த தண்ணி பாட்டிலை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.

துணி இரண்டு மூட்டை. 150 ரூபாய்க்கு மீன்பாடி வண்டி பேசினோம். பையனும் அக்கா பேத்தியும் மூட்டை மேல் ஏறிக்கொண்டார்கள், நாங்கள் பின்னால் நடந்தோம். அதே வால்டாக்ஸ் ரோடு. வண்டிக்காரர் பெரியவர், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். வெள்ளைக்காரன் கோட்டைச் சுவர் கட்டிவிட்டு, அதற்கு ஜனங்களிடம் வரி கேட்டானாம். அந்த வரிதான் வால் டாக்ஸ். வரி வசூலாகவே இல்லையாம், பேர் மட்டும் ரோட்டுக்கு நின்றுவிட்டது என்று சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஊருக்கு வண்டி சென்ட்ரலில் புறநகர் ரயில் நிற்கிற பக்கத்திலிருந்து. அதற்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பேர். என் பையன், "அம்மா, மார்க்கெட்னு போட்டிருக்கு, மார்க்கெட் எங்க?"ன்னான். நமக்கெல்லாம் அது ஒரு ஸ்டேஷன் பேர், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா என் நைனா சொல்லியிருக்கு. அங்கே நிஜமாகவே ஒரு பெரிய சிவப்புக் கட்டட மார்க்கெட் இருந்தது. 1898ல் அடிக்கல் போட்டு 1900ல் திறந்தார்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் என்ற வெள்ளைக்காரர் பேரை வைத்தார்கள். பிராட்வே பக்கம் நெருக்கடியில் இருந்த கடைகளை மாற்றத்தான் அதைக் கட்டினார்களாம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, மேஜை நாற்காலி, கிளி, புறா, கலர் மீன், எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவன் போனால் தோலை உரித்துவிடுவார்கள் என்று நைனா சொல்லும். பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை இருந்தது, அது பிறகு வண்டலூர் போனது. நைனாவும் ஒரு காலத்தில் அங்கே பழைய பாடப் புத்தகம் வாங்கியதுதான். 1985 மே 30ஆம் தேதி அந்த மார்க்கெட் தீப்பிடித்து எரிந்துபோனது. கடைக்காரர்களுக்குப் பிறகு பக்கத்தில் அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். மார்க்கெட் நின்ற இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது.

பையன் கேட்டான்: "ஆயாவோட மார்க்கெட்டும் போச்சு, இந்த மார்க்கெட்டும் போச்சா?" நான் சொன்னேன்: "இடம் போச்சுடா. வியாபாரம் வேற இடத்துக்குப் போகும். நாமளும் கூடவே போகத் தெரிஞ்சுக்கணும்." சொன்ன பிறகுதான் யோசிச்சேன். ஆயாவால போக முடியல. ஆயாவுக்குப் பின்னால ஒரு குழு இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை, நாலு பேரா சேர்ந்து ஒரு வண்டி பேசி கோயம்பேடு போகலாம்னு சொல்ல ஒரு கூட்டம் இல்லை. மீன்பாடி வண்டிக்கு நாலு பேர் சேர்ந்தாங்களே, அதையே ஒரு படி மேல கொண்டுபோக ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருந்தா போதும். இன்னிக்கு நமக்கு அது இருக்கு.

வண்டியில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மகள் மட்டும் விழிச்சிருந்துச்சு. பேசின் பிரிட்ஜ் தாண்டினதும், "அம்மா, பத்தாவதுல உனக்கு எவ்ளோ மார்க்?"ன்னு கேட்டுச்சு. "391." "ஐந்நூறுக்கா?" "ஆமா." "நல்ல மார்க்தானேம்மா"ன்னுச்சு. 21 வருஷம் கழிச்சு ஒருத்தர் என் மார்க்கைக் கேட்டு, நல்ல மார்க்னு சொன்னது அன்னிக்குத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். எண்ணூர் வந்த பிறகு மறுபடி கேட்டுச்சு: "இந்த ஜிஎஸ்டி, பில்லு, கணக்கு இதெல்லாம் படிக்கணும்னா பதினொன்னுல எந்த குரூப்மா எடுக்கணும்?" எனக்குத் தெரியல. ஸ்கூல்ல டீச்சரைக் கேக்கலாம்னு சொன்னேன். அவ்வளவுதான் பேசினோம். படிக்கிறேன்னு அது சத்தியம் பண்ணல, நானும் கேக்கல. ஆனா அதுக்கப்புறம் கம்பெனி வேன் பேச்சு எடுக்கல. இப்போ எங்கள் குழுவோட கொள்முதல் நோட்டை அதுதான் எழுதுது.

சகோதரிகளே, பிள்ளைகளை இட்டுக்கினு மார்க்கெட் போகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். காலையில் சீக்கிரம் போயும் பிரயோஜனம் இல்லை, துணிக்கடைகள் திறக்கப் பத்தரை ஆகும். கையில் போன் நம்பர் எழுதுங்கள். தண்ணீர், சாப்பாடு கொண்டு போங்கள். பாத்ரூமுக்கு ஸ்டேஷனிலேயே போய்விடுங்கள், உள்ளே தேடினால் கிடைப்பது கஷ்டம். மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். பன்னாவைக் கேளுங்கள், வரி சேர்த்தா என்று கேளுங்கள், பில் வாங்குங்கள். முக்கியமாக, பிள்ளைகள் கையில் கொஞ்சம் காசையும் ஒரு நோட்டையும் கொடுங்கள். அதுங்க நம்மளை விட வேகமா கத்துக்கும்.

இந்தக் கூட்டமைப்புக்கு இரண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, வருஷத்துக்கு ஒரு தடவை மே மாசத்தில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து கொள்முதலுக்குப் போவோம், பத்தாவது போகிற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும்.

இரண்டாவது, இதுதான் பெரிசு. அரசு புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரி போனால் மாசம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. ஆனால் அந்த வாசலுக்குப் போக பதினொன்றும் பன்னிரண்டும் தாண்டணும். நம்ம பக்கத்துப் பெண்பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு உள்கடன் தருகிறோம், காதுகுத்துக்குத் தருகிறோம், சீர் செய்யத் தருகிறோம். பதினொன்றாம் வகுப்பில் மகளைச் சேர்க்கிற உறுப்பினருக்கு ஜூன் மாசத்தில் முதல் உள்கடன் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போட வேண்டும். எங்கள் குழுவில் போட்டுவிட்டோம். அந்தத் தீர்மானத்தை என் கையாலதான் எழுதினேன். எழுதும்போது எங்க ஆயாவை நினைச்சுக்கிட்டேன்.